பெண்களும் கேரம் பலகையும்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற ஆறாவது கேரம் உலகக் கோப்பைப் பந்தயத்தில், சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் புதல்வி காஜிமா, ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசளித்தது. அதற்கு முன்பே 2008-இல் வியாசர்பாடி இளவழகி பிரான்ஸ் தேசத்தில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றிருக்கிறார். இருவரும் செல்வக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

குளிர் தேசங்களில் கர்லிங் என்றொரு விளையாட்டு உண்டு. சுமார் 20 கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனித்தரையில் சறுக்கவிட்டு வட்டத்தின் நடுவே நிறுத்த வேண்டும். எதிரியின் கல்லைத் தட்டி அகற்றவும் வேண்டும். நமது கேரத்திற்கு அதைத் தமக்கை என்றே சொல்லலாம். 1998 முதல் ஒலிம்பிக்கில் நிலைபெற்ற அவ்விளையாட்டில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சமயத்தில் இடம் கிடைத்தது. ஸ்வீடன் தேசத்துப் பெண்கள் அனெட் நோர்பெர்க்கின் தலைமையில் 2006, 2010 ஆகிய இரு முறையும் தங்கம் வென்றனர். இடம் கொடுத்தால் திறமை வெளிப்படும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

நமக்குப் பனியும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். ஒரு பலகையும், கொஞ்சம் மாவும், சிறு விளக்கும் போதும். ஆயினும் நம் ஊர் மன்றங்களிலும் வாசகசாலைகளிலும் அப்பலகையைச் சூழ்ந்திருப்போர் யார்? பெரும்பாலும் வாலிபர்களே. பெண்கள் அங்கு வருவது ஊர் வழக்கமன்று எனச் சிலர் சொல்லக்கூடும்.

அவர்கள் குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கு ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமண ஆசிரியை அங்குள்ள பகவதிக்குப் பொன் அளித்த செய்தி கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்ணொருத்தியின் பெயரைப் பலரும் காணும் இடத்தில் கல்லில் வெட்டிய நாடு இது! இங்கே பெண்கள் பொது இடத்துக்கு வரலாகாது என்பது எந்தக் காலத்து வழக்கம்?

வெற்றி பெற்று வந்தபின் மாலையிடுவது எளிது. வெற்றிக்கு முன் இடம் கொடுப்பதே கடமை. மன்றங்களை நடத்தும் தேசாபிமானிகளை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: தினமும் மாலையில் இரண்டு மணி நேரமேனும் பலகையை ஊர்ப் பெண்களுக்கென ஒதுக்குங்கள். உங்கள் சகோதரிகளையும் புதல்விகளையும் நீங்களே முதலில் அழைத்து வாருங்கள்.