பழியைப் பிள்ளையின் கைமேல் போடாதீர்கள்

கலவை ஊரில் நடந்த ஒரு பள்ளிப் பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் பேசினார். சாரம் இவ்வளவுதான்: வீடியோ கேம் ஆடி ஆடி இந்தத் தலைமுறைக்குக் கஷ்டம் என்றாலே ஆகாமல் போய்விட்டது, உட்கார்ந்து ஒரு படம் வரையப் பொறுமை இல்லை. அதோடு, ஓவியம் பிறவியிலேயே கையில் வரவேண்டிய ஒன்று. வராத பிள்ளைகளை வதைக்காமல், அவுட்லைன் அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்து வண்ணம் தீட்ட விட்டுவிடலாம். பெற்றோர்கள் கை தட்டினார்கள். அவர் பெயர் இங்கே தேவையில்லை. ஆற்காட்டிலும் ராணிப்பேட்டையிலும் இதே பேச்சை வேறு வேறு வாய்களில் கேட்டாயிற்று.

ஒரே மூச்சில் இரண்டு வாதம். ஒன்றின் காலை மற்றது வாருகிறது. வரைவது பிறவிச் சொத்து என்றால், பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று ஏன் அங்கலாய்க்க வேண்டும்? பொறுமையால் வருவது என்றால், பிறவியை ஏன் இழுக்க வேண்டும்? ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா, பதில் சொல்ல எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

கேம் என்பது கஷ்டத்திலிருந்து தப்பி ஓடும் இடம் என்று சொல்பவர் ஒரு கேமும் ஆடியதில்லை என்பது நிச்சயம். தொண்ணூறுகளில் டிவியில் கேசட் சொருகி ஆடிய கான்ட்ராவில் மூன்றே உயிர். ஒரு குண்டு பட்டால் ஒன்று போயிற்று. 2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங், ஆடுபவரை இரக்கமில்லாமல் சாகடிப்பதற்கே பேர் போனது. அது வெளிவந்து மூன்று வாரம் முடிவதற்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் போயின. கஷ்டம் பொறுக்காத தலைமுறை காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்கியிருக்கிறது!

ஐம்பது முறை செத்தவன் ஐம்பத்தோராவது முறை ஏன் எழுந்து வருகிறான் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. 1985-இல் வந்த சூப்பர் மாரியோவின் முதல் கட்டத்தைப் பாருங்கள். எழுத்தில் ஒரு விளக்கமும் கிடையாது. எதிரே கூம்பா என்ற எதிரி நடந்து வருகிறது, இடித்தால் சாவு. குதிக்க வேண்டும் என்று அந்தச் சாவே சொல்லிவிடுகிறது. கேள்விக்குறி போட்ட கட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிவந்து ஓடுகிறது. ஓடியது குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வருகிறது. அதற்காகவே அந்தக் குழாயை அங்கே வைத்திருக்கிறார் கேமை வடிவமைத்த மியாமோட்டோ. 2018-இல் வந்த செலஸ்ட் கேமில் விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்கலாம். எங்கே தப்பு என்பது உடனே தெரிகிறது. திரும்ப முயல்வதற்குச் செலவு சொற்பம். அடுத்த தடை முந்தையதைவிட ஒரு படி மட்டுமே உயரம்.

நம் ஓவிய வகுப்பில் இதில் எது இருக்கிறது? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. ஆறாம் வகுப்பிலும் அதே, எட்டாம் வகுப்பிலும் அதே. பிள்ளை குதிரை வரைந்தால் ‘நல்லா இல்ல, திரும்பப் போடு’ என்கிறோம். கால் நீளமா, கழுத்துச் சாய்வு தப்பா, கண்ணால் அளக்கவே பழகவில்லையா என்று சொல்வதில்லை. அவன் நோட்டை மூடிவைத்தால், ‘கை வரலை’ என்று தீர்ப்பு.

‘படி வைத்து வரையக் கற்பது நம் ஊருக்கு ஒத்துவராது’ என்று விருந்தினர் சொல்வதற்கு முன்பு, மார்கழியில் விடியற்காலை கலவைத் தெரு ஒன்றில் நடந்து பார்க்கட்டும். சிக்குக் கோலம் போடும் சிறுமி சின்னப் புள்ளி வரிசையில் தொடங்குகிறாள். பிறகு ஊடுபுள்ளி, பிறகு வாசல் அடைத்த கோலம். எந்தப் புள்ளியும் சுற்றப்படாமல் நிற்கக்கூடாது, இழை திறந்து கிடக்கக்கூடாது. தப்பிருந்தால் தரையே காட்டிக்கொடுக்கும், வாத்தியார் தேவையில்லை. அழித்துவிட்டுத் திரும்பப் போட ஒரு கைப்பிடி மாவு போதும். இந்த ஒழுங்கு எவ்வளவு கறாரானது என்றால், சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்துக்குக் கணினி இலக்கணமே எழுதினார்கள். அந்தச் சிறுமிகளில் எத்தனை பேருக்குப் பிறவியில் கை வந்தது என்று யாராவது கேட்டோமா?

இந்தப் பக்கத்துப் பிழைப்பும் அப்படித்தான். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவர் லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சின்மேல் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு வரைந்து, உரித்து, தட்டையாக்கி அட்டையில் படியெடுக்கிறார். கோடு கொஞ்சம் விலகினால் தைத்த அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், லாஸ்டில் ஏற்றும்போது சுருங்கும் அல்லது இழுக்கும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இதைக் கற்றுக்கொண்டவர்கள் வேலை பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள்.

வண்ணப் புத்தக யோசனைக்கு வருவோம். வரைவதில் கடினமான வேலையே கோடு போடுவது. அதை அச்சகத்திடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கப் போகிறீர்கள்? எந்தக் கேமும் ஆடுபவரை இவ்வளவு கேவலமாக நடத்துவதில்லை.

விழாவில் ஒரு வார்த்தையும் வராத விஷயம் ஒன்று உண்டு. ஓவியம், உடற்கல்வி, தையல், இசை என எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு 2012-இல் அரசுப் பள்ளிகளில் அமர்த்தியது. அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய், வேலை வாரத்துக்கு மூன்று அரை நாள். பத்தாண்டு தாண்டியும் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். மூன்று அரை நாளில் எத்தனை வகுப்புப் பிள்ளைகளின் கோட்டைத் திருத்த முடியும்? கிடைக்கிற அந்த ஒரு பீரியடையும் தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார்.

அடுத்த விழாவுக்கு வரும்போது சிறப்பு விருந்தினர் கேமைத் திட்டுவதை விட்டுவிட்டு, இந்தப் பள்ளிக்கு ஒரு முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று மேடையில் கேட்கட்டும். அதுவரை எங்கள் பிள்ளைகளின் கையைப் பற்றிப் பேச அவருக்கு யோக்கியதை இல்லை.