லயத்துக்கும் ஓர் இலக்கம் வேண்டும்

மலையகத் தோட்டமொன்றில் உயர்தரம் முடித்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக்கான கடிதம் வருகிறது. உறையில் பெயரும் தோட்டமும் டிவிஷனும் இருக்கும். வீட்டு இலக்கம் இருக்காது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயக் காம்பராக்களுக்குத் தனி இலக்கமே இல்லாத தோட்டங்கள் இன்றும் பல. கடிதம் முதலில் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கே கிடந்து, யார் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டு, ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் நாலு வாசலும் ஏறி இறங்கும். திகதி கடந்தபின் கைக்கு வந்த கடிதத்தைப் பற்றி மலையகத்தில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

கொழும்புப் பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்குத்தானே விடை எழுதினார்கள், திறமையுள்ளவர் முன்னுக்கு வரட்டுமே என்று சொல்பவர்கள் உண்டு. அதை நாம் ஏற்கவில்லை. வினாத்தாள் ஒன்றாக இருந்தாலும், இருவரும் புறப்பட்ட இடம் ஒன்றல்ல.

1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. சுதந்திரம் வந்த 1948 இலேயே மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது; பின்னாலேயே வாக்குரிமையும் போனது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் அவர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். கொழுந்து பறித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது 1945 இல். தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்க 1970கள் ஆயின. ஒரு தலைமுறையின் படிப்பு அந்த இடைவெளியிலேயே போய்விட்டது.

இந்தப் பின்னடைவுக்குக் காரணம் வெறும் ஏழ்மையா, இனப் பாகுபாடா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி அமர்ந்திருக்கின்றன. ஏழ்மை மட்டும் என்றால் ஏழைச் சிங்களக் கிராமத்துக்கும் லயத்துக்கும் ஒரே சட்டம் இருந்திருக்கும். இருக்கவில்லை. பக்கத்துக் கிராமத்துக்குப் பாதை போட்ட பிரதேச சபை தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது. உள்ளே செலவிட 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தடையாக இருந்தது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். இனம் மட்டும் என்றால், பணமும் பத்திரமும் வைத்திருந்த இந்திய வம்சாவளியினரும் அதே கதிக்கு ஆளாகியிருப்பார்கள். அவர்களில் பலர் வழி தேடிக்கொண்டார்கள். பிறப்புச் சான்றிதழ்கூட இல்லாத தொழிலாளிதான் தோட்டத்தோடு கிடந்தார். குடியுரிமை இல்லாமல் எஞ்சியவர்களுக்கும் அதைத் தரும் சட்டம் வர 2003 ஆனது.

இன்றும் லயக் காம்பரா குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. வேலை போனால் கூரையும் போகுமோ என்ற பயத்தோடு வளரும் பிள்ளையிடம்தான் போட்டி போடு என்கிறோம். அங்கே பிறந்து வாழும் குடும்பத்துக்குக் காணி உறுதி கொடுப்பது சலுகையல்ல, பாக்கி தீர்ப்பது. உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். தோட்ட வேலையோடு அதை முடிச்சுப் போடக் கூடாது.

காணிக்குக் காலம் எடுக்கும் என்று அரசு சொல்லலாம். காம்பராவின் கதவில் இலக்கம் எழுத எவ்வளவு காலம் எடுக்கும்? தபால் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் சேர்ந்து அதை இந்த ஆண்டுக்குள் செய்து முடிக்கட்டும்.