வழி நமக்குப் பிச்சையல்ல!



சூரியநெல்லியிலும் சின்னக்கானலிலும் நம் குடும்பங்கள் வேலைக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் போவது ஒற்றையடிப் பாதைகளில்தான். ஏலக்காடு கைமாறுகிறது, விடுதி எழும்புகிறது, ஒரு நாள் பாதையின் குறுக்கே கேட் விழுகிறது. அன்று முதல் பிரசவ வலி கண்டவளைத் தூக்கிப்போகவும் காவல்காரனின் தயவு வேண்டும். முறையிட்டால், "அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்கள், முதலாளி நல்லவர்" என்று சமாதானம் பேச ஆள் வருகிறது.

அந்தக் காகிதம்தான் கண்ணி! 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் என்ன சொல்கிறது? தனியார் நிலத்தில் 20 ஆண்டு, அரசு நிலத்தில் 30 ஆண்டு, ஒளிக்காமல், தடையில்லாமல், உரிமையாக நடந்து வந்தவர்களுக்கு அந்த வழியில் உரிமை உண்டு. 'உரிமையாக' என்பதே இதில் உயிரான சொல். அனுமதி வாங்கி நடந்தவனுக்கு நூறு ஆண்டானாலும் இந்த உரிமை பிறக்காது. 'தங்கள் தயவால் நடக்கிறோம்' என்று கைநாட்டு வைத்தால், பாட்டன் நடந்த பாதையை நாமே எழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

லயத்தில் குடியிருந்து கம்பெனி நிலத்தில் நடப்பதைக் கம்பெனியின் அனுமதி என்றே கோர்ட் கருதக்கூடும். அங்கே, அது பொதுப்பாதையாகப் பதிவாகியிருக்கிறதா என்று வில்லேஜ் ஆபீஸில் முதலில் பார்க்க வேண்டும்.

வழித்தகராறில் அமைதி கெடும் நிலை வந்தால், ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 147-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-ஆம் பிரிவு. காரணம் காட்டி எழுத்தில் உத்தரவிட்டு, இரு தரப்பையும் அழைத்து, வாக்குமூலமும் சாட்சியமும் பெற வேண்டும் என்பது சட்டம். ஜீப்பில் வந்து, பங்களாவில் தேநீர் குடித்து, அங்கேயே மகஸர் எழுதிப் போவதற்குப் பெயர் விசாரணையா? ஒருவர் கேட்பது, இன்னொருவர் தீர்ப்பது முறையல்ல என்று 1950-களின் இறுதியிலேயே ஆந்திர பஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பேச்சைக் கேட்ட அதிகாரி மாற்றலாகிப் போனால், புதிதாக வந்தவர் மறுபடி கேட்கட்டும்!

மலையாள நோட்டீஸைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்திடுவதும் வேண்டாம். எந்த அதிகாரிக்கும் தமிழில் முறையிட அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு இடம் தருகிறது. அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற, கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்கிறது.

இந்த மலைகளும் அடங்கிய திருவிதாங்கூரில்தான், 1924-25-இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் போராடினார்கள். ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் சிறை சென்றார். அவர்கள் கேட்டது அனுமதிச் சீட்டையா?

ஆகவே, கேட் விழுந்த அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஆண்டு முழுதும் நடக்கும் பாதையானால், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் எட்டுவதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள் அதில் நடந்திருக்க வேண்டும்; காத்திருந்தால் அந்தக் கதவு அடைபடும். முதியவர்களின் சாட்சியத்தை எழுதி வையுங்கள். மனுவுக்கு ரசீது வாங்குங்கள். மாஜிஸ்திரேட் உத்தரவோடு கதை முடிவதில்லை, சிவில் கோர்ட் இருக்கிறது.

நாம் கேட்பது சலுகையல்ல: பாதையில் வைத்து, நம் முன்னிலையில், நம் மொழியில் ஒரு விசாரணை. அதுவரை எந்த அனுமதிக் காகிதத்திலும் ஒரு கைநாட்டும் விழக்கூடாது!