பழைமைக்கும் தேதி வேண்டும்

பார்சிலோனா பேராலயத்தைச் சூழ்ந்த குறுகிய தெருக்களில் நடக்கும் எவருக்கும், இடைக்காலத்துக்குள் நுழைந்துவிட்ட உணர்வு எளிதில் தோன்றிவிடும். 'பாரி கோதிக்' எனப்படும் இப்பகுதியில், பிஸ்பே தெருவுக்குக் குறுக்கே, சரிகை வேலை போலச் செதுக்கப்பட்ட கற்பாலம் ஒன்று உண்டு. அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணிகள் குறைவு. அப்பாலம் எழுந்ததோ 1928இல்! பேராலயத்தின் திருப்பணி 1298இல் தொடங்கியது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் முகப்பு 1887க்குப் பின் எழுப்பப்பட்டது.

இதை அறிந்ததும் ஏமாற்றப்பட்டதாகச் சினம் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. லயெதானா பெருஞ்சாலை அமைப்பதற்காகப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டபோது, பதேயாஸ் மாளிகையைக் கல் கல்லாகப் பெயர்த்து 1931இல் அரசர் சதுக்கத்தில் நிறுவினார்கள். அதற்கு அடித்தளம் தோண்டியபோதுதான் புதைந்திருந்த ரோமானிய நகரம் வெளிப்பட்டது. அந்த இடமாற்றத்தை யார் குறை கூற முடியும்?

நம் குறை வேறு. பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டு அவ்வளவு தொலைவு செல்பவருக்கு, எது 14ஆம் நூற்றாண்டு, எது 20ஆம் நூற்றாண்டு என அறியும் உரிமை உண்டு. ஒவ்வொரு கட்டடத்தின்மீதும் அதன் ஆண்டைப் பொறித்துவைத்தால் அழகு குன்றிவிடாது. 1401லேயே மக்களின் வைப்புத்தொகையைக் காக்கப் பொது வங்கி நிறுவிய நகரம் அது. கணக்கைச் சரியாக எழுதிவைப்பதன் அருமையை அந்நகருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்பகுதியில் நம்மை நெடுநேரம் நிறுத்திய இடம், சான்ட் ஃபெலிப் நேரி சதுக்கம். உள்நாட்டுப் போரின்போது, 1938 ஜனவரி 30 அன்று அங்கு விழுந்த குண்டுகள் 42 பேரைக் கொன்றன. அவர்களுள் பெரும்பாலோர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த குழந்தைகள். சுவரில் உள்ள குழிகள் துப்பாக்கிச் சூட்டால் ஏற்பட்டவை என்றொரு கதை நெடுங்காலம் உலவியது. இன்று உண்மையைக் கூறும் பலகை ஒன்று அங்கு இருக்கிறது. சுவரைப் பூசி மெழுகாமல் விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம்; இடைவேளையில் பிள்ளைகள் அச்சதுக்கத்தில்தான் ஓடி விளையாடுகிறார்கள்.