பூந்திக்கொட்டை மரம்

காய்க்கப் பல்லாண்டு ஆகும் என்று கருதி, பூவந்தி என்னும் பூந்திக்கொட்டை மரத்தைக் குடியானவர்கள் நடாது விடுதல் தக்கதன்று. வேலியோரத்தில் வளர்ந்து, சாகுபடி நிலத்தைக் குறைக்காமல், பின்வருவோர்க்கு நெடுங்காலம் பயன்தரும் மரம் இது. விதை நீக்கி உலர்த்திய கனித்தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால், அதிலுள்ள ஸபோனின் என்னும் பொருளால் நுரை எழும். காரமிகுந்த சவுக்காரத்தால் கெடும் பட்டும் கம்பளியும் இந்நுரையால் கெடா. பொற்கொல்லர் நகை துலக்குவதற்கும், பெண்டிர் கூந்தல் அலசுவதற்கும் இது உதவும். ஆயினும் இது கண்ணுக்கு எரிச்சல் தரும், மீன்களுக்கு நஞ்சாகும். ஆதலின், 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று அணை நீரைப் பெற்றுவரும் கம்பம் பள்ளத்தாக்கில், கழுவிய நீரை வாய்க்காலில் விடாது தரையில் ஊற்றுதல் வேண்டும். நிலக்காரர்கள் தோட்ட வேலியிலும், கிராம அதிகாரிகள் புறம்போக்கிலும் வரும் மழைக்காலத்திலேயே இதன் கன்றுகளை நடுவார்களாக.