நாவும் நஞ்சும்

காஞ்சி வரதர் கோயில் இட்லியில் மிளகும் சுக்கும் இருப்பதை நாக்கு உடனே சொல்லிவிடும். வெள்ளைப் பாஷாணத்திடம் அதன் சாமர்த்தியம் பலியாது; அதற்கு ருசியே இல்லையெனலாம்.

1874 நவம்பர் 9-ந் தேதி பரோடா ரெஸிடெண்டு கர்னல் பேயர் பம்பளிமாஸ் சர்பத்தை இரண்டொரு வாய் பருகி, மிச்சத்தைக் கொட்டினார். குவளையின் அடியில் வண்டல் தெரிந்தது. சோதித்ததில் பாஷாணமும் வைரப்பொடியும் அகப்பட்டன என்றார்கள். பழி மகாராஜா மல்ஹர் ராவ் மீது விழுந்தது. கமிஷனில் வெள்ளையர் மூவர் குற்றம் ருசுவாயிற்று என்றனர். இந்தியர் மூவர் இணங்கவில்லை. ஆயினும் சர்க்கார், துர்ஆட்சி என்று வேறு காரணம் காட்டி, 1875-ல் அவரை நீக்கிச் சென்னைக்கு அனுப்பிற்று. 1882-ல் அங்கேயே காலமானார்.

நஞ்சு இருந்ததை வண்டல் சொல்லிற்று. இட்ட கையைச் சொல்லவில்லை. ஒரு குற்றத்துக்கு விசாரித்து, மற்றொன்றுக்குத் தண்டிப்பது எந்த ஊர் நியாயமோ, நாம் அறியோம்!