மண்ணில் இருக்கும் பூஞ்சை... யாருக்கு ஆபத்து?

கீழக்குயில்குடி போன்ற ஊர்களில் எருக்குழி அள்ளுவதும், மாட்டுக்கொட்டகை கூட்டுவதும் அன்றாட வேலை. அந்த மண்ணிலும் சாணத்திலும் மட்கிய இலையிலும் பூஞ்சை வித்துகள் உண்டு. மூச்சோடு அவை உள்ளே போனாலும், ரத்த வெள்ளை அணுக்கள் அழித்துவிடும். அந்தக் காவல் தளரும்போதுதான் சிக்கல்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அதைக் கண்ணால் பார்த்தோம். 'கறுப்புப் பூஞ்சை' எனப்பட்ட மியூகர்மைகோசிஸ் பரவலாகத் தாக்க, பாதிப்பு குறித்து அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அதை அறிவித்தது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தனி வார்டு திறக்கப்பட்டது. ஆம்போடெரிசின் பி மருந்துக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு. ஜூலைக்குள் இந்தியாவில் 45,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கொரோனா ஓய்ந்தாலும் இந்தப் பூஞ்சை எங்கும் போய்விடவில்லை.

யாருக்கு ஆபத்து?

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய்தான் முதல் காரணம். சர்க்கரை ஏறினால் வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடும், பூஞ்சை செழிக்கும். ஸ்டீராய்டு மருந்து எதிர்ப்பு சக்தியைக் குறைத்து, சர்க்கரையையும் ஏற்றிவிடும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

என்ன அறிகுறி?

* முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கம், மரத்துப்போதல்
* மூக்கடைப்பு, கறுப்பாகவோ ரத்தம் கலந்தோ சளி
* கண் வீங்குதல், பார்வை இரண்டாகத் தெரிதல்
* பல் ஆடுதல், மேல் அண்ணத்தில் கறுப்புத் திட்டு

பூஞ்சை ரத்தக்குழாயை அடைத்துவிடுவதால், ரத்தம் கிடைக்காத சதை செத்துக் கறுக்கிறது. மூக்கிலிருந்து கண்ணுக்கும், அங்கிருந்து மூளைக்கும் சில நாள்களிலேயே பரவலாம். தாமதித்தால் கண்ணையே அகற்ற வேண்டிவரும்.

என்ன செய்யலாம்?

சர்க்கரை அளவை ஒழுங்காகப் பரிசோதியுங்கள். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஏற்கெனவே அதை எடுத்து வருபவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. எரு அள்ளும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

சர்க்கரை உள்ள ஒருவருக்கு முகத்தின் ஒரு பக்கம் வலித்தால், 'சளிதானே' என்று ஆவி பிடித்து நாளைக் கடத்த வேண்டாம். அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.